நாங்க போனதும்

நாங்க என்றாளா, நம்ம என்றாளா? பூரணி ஒரு காலை எடுத்து வைத்தாள், மூச்சு விட்டாள், மறு காலை எடுத்து வைத்தாள். நாங்க. அப்படித்தான் காதில் விழுந்தது. சற்று முன்னால், காற்றுக்கு மறைவாக ஒரு பாறையடியில் மூன்று பேரும் உட்கார்ந்து உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை மென்றுகொண்டிருந்தபோது, யாரும் எதுவும் பேசாமல் இருக்கிறோமே என்று, வேறு எதற்காகவும் இல்லை, அதற்காக மட்டுமே அவள் செண்பகத்திடம் கேட்டாள்: "தென்காசி வீட்டு மாடி ஜன்னலுக்குக் குரங்கு வலை அடிச்சாச்சாட்டி?" செண்பகம் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "நாங்க போனதும் அடிச்சுக்கிடுவோம்." அவ்வளவுதான். வழிகாட்டி டோல்கர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்க, அவள் பின்னால் எஸ்தர், எஸ்தர் பின்னால் செண்பகம், கடைசியில் பூரணி. பாதை ஒரு ஆளுக்குத்தான் இடம் கொடுத்தது. இடது பக்கம் கல்லும் மண்ணும் கலந்த சரிவு மேலே போயிற்று, வலது பக்கம் அதே சரிவு கீழே போயிற்று, எங்கும் ஒரு புல் இல்லை. செண்பகத்தின் சிவப்பு முதுகுப்பை கண்ணுக்கு நேரே ஏறியது, தாழ்ந்தது. அந்தப் பையைப் பார்த்துக் கேட்பது போல மறுபடியும் கேட்டுக்கொண்டாள். நாங்க என்றால் யார்? கேட்டவளுக்குப் பதில் சொல்லும்போது நாங்க என்றால், கேட்டவள் அதில் இல்லை. செண்பகம் இருக்கிறாள், எஸ்தர் இருக்கிறாள். மாடியில் மூன்று அறை. மூன்று பேர் சேர்ந்து இருக்கப்போகிற வீடு என்று வருஷக்கணக்காகப் பேசியது. அதில் போய், நாங்க போனதும். ஒருவேளை காற்று. லே ஊர்ப் பக்கத்து இந்த மலையில் காற்று சும்மா இருப்பதே இல்லை, சொல்லின் பாதியைக் கொண்டுபோய்விடுகிறது, மிச்சப் பாதியைத்தான் காதுக்குக் கொடுக்கிறது. ஆனால் பாறைக்குப் பின்னால் காற்று இல்லை. அதனால்தானே அங்கே உட்கார்ந்தார்கள்.

தமிழாசிரியையாக இருந்ததுதான் தப்பு. வேறொருத்திக்கு இது காதில் விழுந்திருக்காது. ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டாள்: உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் முனகுவார்கள். ஒன்றுமில்லை கண்ணுகளா, 'நாம் சாப்பிடலாம்' என்று நான் சொன்னால் உங்களுக்கும் சோறு உண்டு, 'நாங்கள் சாப்பிடப் போகிறோம்' என்று சொன்னால் நீங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்பாள். வகுப்பு சிரிக்கும். ஒரு பெண் எழுந்து, டீச்சர் அப்படின்னா நாங்க வெளிய போறோம், நீங்க உள்ள இருங்க என்று சொல்லி இன்னும் பெரிதாகச் சிரிக்க வைத்தாள். உளப்பாடு. எவ்வளவு நல்ல சொல். உள்ளே படுத்திக்கொள்வது, கதவைத் திறந்து நீயும் வா என்பது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே சொல், அதற்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. இப்போது நினைத்துப் பார்த்தால் வீட்டைப் பற்றி இத்தனை மாதமும் போனில் எழுதிக்கொண்டது எல்லாம் ஆங்கிலத்தில்தான். செண்பகம் டெல்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அவளுக்குத் தமிழில் தட்டச்சு வராது, அவள் ஆங்கிலத்தில் எழுதுவாள், எஸ்தரும் அப்படியே பதில் போடுவாள், பூரணி கட்டைவிரல் படத்தைப் போடுவாள். தீபாவளிக்குப் பிறகு குடிபோவதாகச் செண்பகம் எழுதியிருந்தாள். நாம் போகலாம் என்பதா, நாங்கள் போகிறோம் என்பதா? அந்த ஆங்கில வரியைத் தமிழாக்கு என்று யாராவது பரீட்சையில் கேட்டிருந்தால் அவள் என்ன எழுதியிருப்பாள்? யோசிக்காமல் நாம் என்று எழுதியிருப்பாள். முழு மதிப்பெண் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள்.

மூச்சு விடு. ஒரு காலுக்கு ஒரு மூச்சு என்று டோல்கர் சொல்லிக் கொடுத்திருந்தாள், தீரே தீரே, மெதுவாக மெதுவாக. சூரியன் ஒரு கன்னத்தைச் சுட்டது, மறு கன்னம் விறைத்துக் கிடந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உயரத்துக்காக விழுங்கிய மாத்திரை விரல் நுனிகளில் எறும்பு ஊர விட்டிருந்தது. கையுறைக்குள் கையை மூடித் திறந்தாள். சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது. கழுத்துத் துணிக்குள் மெல்ல, யாருக்கும் கேட்காமல், நம்ம என்றாள். வாய் மூடியது, மூச்சு நின்றது, நெஞ்சு உடனே இடித்துக் கேட்டது, ஏன் மூடினாய் என்று. நாங்க என்றாள். வாய் திறந்தபடியே இருந்தது, மூச்சு அதன் பாட்டுக்குப் போய் வந்தது. அப்படியா? அவள் நின்றேவிட்டாள். அப்படித்தானா? இந்த உயரத்தில் உதட்டை மூடுவதே ஒரு செலவு. செண்பகத்துக்கு உதடு வேறு வெடித்திருக்கிறது, காலையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்கட்டி, ரத்தம் வருது என்றாள். குனிந்து, வயிறு மடங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு நம்ம என்று இரண்டு உதட்டையும் சேர்த்து அழுத்த முடியுமா? முடியாது. வாய்க்கு எது சுலபமோ அது வந்திருக்கிறது. மனசு சொன்னதல்ல, உதடு சொன்னது. பூரணிக்குச் சிரிப்பு வந்தது. கால் லேசாயிற்று. இப்படி ஒரு விளக்கம் இருக்கும்போது கோட்டி பிடித்தவள் மாதிரி எதை எதையோ நினைத்து, அதுவும் இந்த அழகான இடத்தில், துருப்பிடித்த சிவப்பிலும் கத்தரிப்பூ நிறத்திலும் மலைகள் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிற இடத்தில். அந்த நேரம் பார்த்து முன்னால் செண்பகத்தின் கால் ஒரு கல்லில் சறுக்கியது. "யம்மாடி!" என்றாள் செண்பகம். உதடு நன்றாக மூடியது. காற்றிலும் தெளிவாகக் கேட்டது.

பிறகு சிறிது நேரம் எதையும் நினைக்காமல் நடந்தாள், அல்லது நினைக்காமல் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். மகனோடு இருக்கிற பெரும்பாக்கத்து வீடு நினைவில் வந்தது. நினைக்காவிட்டால் அதுதான் வரும். நவநீதன் அன்று அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து, கை கழுவாமல்கூட, மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். மெல்போர்னில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். நீங்களும் வாங்கம்மா என்றான். அதில் இருந்த அந்த 'உம்'. மகன் சொல்வதில் போய் இலக்கணம் பார்ப்பாளா ஒருத்தி, ஆனால் பார்த்துவிட்டாள். நாங்கள் போகிறோம் என்பது முழு வாக்கியம், நீங்களும் என்பது அதன் ஓரத்தில் ஒட்டிய தாள். மருமகள் ப்ரீதா சமையலறையில் குழாயை மூடிவிட்டு என்ன பதில் வருகிறது என்று காத்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது பூரணிக்குத் தெரிந்தது. இல்லப்பா, நான் தென்காசிக்குப் போறேன், செண்பகம் வீட்டுக்கு, நாங்க மூணு பேரும் சேந்து இருக்கதாப் பேசியிருக்கோம்லா என்றாள். அவன் தோள் இரண்டும் கீழே இறங்கின. அவனுக்கே அது தெரிந்திருக்காது. நல்ல பிள்ளைதான், அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, விசாவுக்கு எவ்வளவு நாளாகும், குளிர் உங்களுக்கு ஒத்துக்குமா என்று அதற்குப் பிறகு எத்தனையோ அக்கறையாகக் கேட்டான். ஆனால் அந்தத் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். குழாய் மறுபடி திறந்தது. அன்றிலிருந்து வீடு சிறுத்துக்கொண்டே வந்தது. சோபா போயிற்று, அது இருந்த இடத்தில் தரை வெளுப்பாகத் தெரிந்தது. வீட்டுக்காரருக்குச் சொல்லியாயிற்று. அவள் புடவையும் புத்தகமும் அட்டைப் பெட்டிக்குள் போயின, ப்ரீதா தடித்த பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் 'அம்மா, தென்காசி' என்று அழகாக எழுதினாள், னகர ணகரம் தடுமாறுகிற பெண் அதைப் பிழையில்லாமல் எழுதினாள். அந்தப் பெட்டிகள் எங்கே போகும்? செண்பகம் நாங்க என்றுதான் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி எந்த ஊருக்குப் போகும்? திரும்பிப் போய் நவநீதனிடம் நானும் வருகிறேன் என்று சொல்வதா? நானும். அந்தத் தோள் மறுபடி மேலே ஏறுவதைப் பார்ப்பதா? பார்க்க மாட்டாள். அது மட்டும் நிச்சயம். இந்த மலையிலிருந்து கீழே விழுந்தாலும் அது மட்டும் மாட்டாள்.

விழுந்தால் என்று நினைத்ததும் வலது பக்கம் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. சரிவு ஒரே மூச்சாகக் கீழே போய், எங்கோ ஒரு காய்ந்த ஓடைத் தடத்தில் சாம்பல் கோடாக முடிந்தது. இடது பக்கச் சரிவில் கையை ஊன்றிக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாமா? ஆனால் டோல்கர் புறப்படும்போதே சொல்லிவிட்டாள், செண்பகம்தான் இந்தியிலிருந்து மாற்றிச் சொன்னாள், யாரும் தனியாத் திரும்பக் கூடாதாம்ட்டி, ஒருத்தி திரும்பினா எல்லாரும் திரும்பணும் என்று. எஸ்தர் இந்த மலைக்காக வாரக்கணக்காகத் தயார் செய்தவள். நாகர்கோவிலில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள், ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தவள். அவளுடைய உச்சியைப் பூரணியின் பயம் பிடுங்கிக்கொள்வதா? அப்படியானால் மேலேதான் போக வேண்டும். மேலே போக மூச்சில்லை, கீழே போக உரிமை இல்லை, பக்கத்தில் போக இடமில்லை. சிவப்புப் பை ஏறியது, தாழ்ந்தது. கேட்டுவிட்டால் என்ன? நேராக, ஏட்டி, எனக்கு அங்க அறை இருக்கா, இல்லையா? பாளையங்கோட்டை விடுதியில் ஒரே சீப்பால் தலை சீவிக்கொண்ட மூன்று பேர். அம்மை போட்டுப் பூரணி கிடந்தபோது, வார்டன் கதவுக்கு வெளியே நின்று கத்த, எஸ்தர் உள்ளேயே உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக் கொடுத்தாள். அவர் போன அன்று, பூரணியின் கணவர் போன அன்று, டெல்லியிலிருந்து முதல் விமானத்தில் வந்து இறங்கியவள் செண்பகம். அழாமல் கொள்ளாமல் நேரே அடுக்களைக்குப் போய் அத்தனை பேருக்கும் காப்பி போட்டவள். அவர்களிடம் கேட்க என்ன? அதனால்தான் கேட்க முடியவில்லை. அந்நியர் என்றால் கேட்டுவிடலாம், இல்லை என்றால் போய்விடலாம். இவர்கள் இல்லை என்று சொன்னால், அதுவரை இருந்த காப்பியும் வேப்பிலையும்கூட இல்லாமல் போய்விடும்.

"செண்பகம்!" என்று கூப்பிட்டுவிட்டாள். தன் குரல் தனக்கே தகரத்தைச் சுரண்டியது போலக் கேட்டது. சிவப்புப் பை நின்றது, திரும்பியது, கறுப்புக் கண்ணாடிக்குள் செண்பகத்தின் முகம். "என்னட்டி? தலை சுத்துதா?" கண்ணாடியில் இரண்டு சின்னப் பூரணிகள், தலைக்குத் துணி கட்டி, வாய் திறந்து. "இல்ல. சும்மாதான்." "சும்மாவா? இந்த எடத்துல வந்து சும்மாவாட்டி கூப்புடுவா ஒருத்தி? எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு." முன்னால் எஸ்தர் திரும்பாமலே மைதானத்தில் விசில் ஊதுகிற குரலில் அதட்டினாள்: "பேசாம வாங்கட்டி ரெண்டு பேரும். பேச்சுல பாதிக் காத்து போயிரும், அப்புறம் என்னையா தூக்கச் சொல்லுவிய?" "உன்னத் தூக்கணும்னா நாலு ஆள் வேணும்ட்டி," என்றாள் செண்பகம், சிரித்து, உதட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏ மூதி, சிரிக்க வைக்காதன்னு சொன்னேம்லா" என்று தானே வைதுகொண்டாள். மறுபடி நடை. சும்மா. எத்தனை தடவை வாழ்க்கையில் இந்தச் சொல்லை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறாள். என்ன வேணும் பூரணி? சும்மாதான் வந்தேன். ஏன் ஒரு மாதிரி இருக்கே? சும்மாதான். உள்ளே இருப்பது அத்தனையையும் போட்டு மூடுவதற்கு அவ்வளவு சின்ன மூடி. பரவாயில்லை என்று இன்னொரு மூடி. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பட்டு பிடித்திருந்தது, கடைக்காரர் இன்னொன்றைக் காட்டினார், அப்பா அதை எடுத்தார், பரவாயில்லை என்றாள். அறுபதைத் தாண்டியும் பரவாயில்லை.

லே ஊர்க் கடைத்தெரு ஞாபகம் வந்தது. முந்தாநாள். ஒரு செம்புக் கெட்டிலைச் செண்பகமும் எஸ்தரும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு எடுப்போமா, என்ன சொல்றே, அளவு பத்துமா? பூரணி கம்பளிக் கடையிலிருந்து வந்து சேர்ந்ததும் பேச்சு நின்றது. செண்பகம் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, உனக்கு அந்தச் சால்வை பிடிச்சிருந்துதாட்டி என்றாள், ரொம்ப அன்பாக, நோயாளியிடம் கேட்கிற அன்பு. அப்போது அது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. வந்து சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். தென்காசிப் பேச்சு அவள் முன்னால் வரவே இல்லை. பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்துவிட்டது, அதனால் பேசவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். மனசு எப்படி எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாக அடுக்கி வைத்துக்கொள்கிறது. இப்போது எல்லாம் எதிர்ப்பக்கமாக அடுக்கிக்கொண்டது, அதே கெட்டில், அதே சால்வை, அதே மௌனம். என்ன தப்பு செய்தாள்? எதற்காக வெளியே தள்ளினார்கள்? சத்தமாகக் குறட்டை விடுகிறாளா? விமான நிலையத்தில் பெட்டியைத் தொலைக்கப் பார்த்தாளே, கூடவே வைத்துக்கொண்டால் பாரம் என்று நினைத்துவிட்டார்களா? தென்காசியில் சாரல் காலத்தில் மாடி ஜன்னலைத் திறந்தால் மலை நனைந்துகொண்டே இருப்பது தெரியும் என்று செண்பகம் சொல்லியிருக்கிறாள், துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அந்த ஈரத்தை நினைத்துக்கொண்டே பூரணி இத்தனை மாதம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தூங்கினாள். இங்கே ஈரம் என்று எதுவும் இல்லை. கண்ணில் வந்த தண்ணீர்கூட வழிவதற்கு முன் காய்ந்து, கன்னத்தில் தோல் இழுத்துக்கொண்டது. இது அழுகை இல்லை, வெயில். கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. காலுக்கு ஒரு மூச்சு போதவில்லை, இரண்டு வேண்டியிருந்தது, பிறகு மூன்று. நாங்க, ஒரு கால். நம்ம, ஒரு கால்.

உச்சி என்று தனியாக ஒன்றும் வரவில்லை. மேலே ஏறுவதற்குக் கல் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். குவித்து வைத்த கற்களும், அதில் கட்டிய கொடித்துணிகள் வெயிலில் வெளிறிப் படபடப்பதும், எல்லாப் பக்கமும் வானமும். எஸ்தர் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். செண்பகம் பூரணியைக் கட்டிப்பிடித்து, அழுகையும் சிரிப்புமாக, காதுக்குள்ளேயே கத்தினாள்: "நம்ம ஏறிட்டோம்ட்டி! நம்ம மூணு பேரும் ஏறிட்டோம்!" நம்ம. இவ்வளவு கிட்டத்தில் தப்பாகக் கேட்க வழியில்லை. பூரணிக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. அவள் செண்பகத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நம்ம என்று சொல்லிவிட்டாளே, பிறகென்ன, எல்லாம் வெறும் மயக்கம், காற்றில்லாத மூளை செய்த வேலை. டோல்கர் மூன்று பேரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தாள். காற்று ஏறுகிறது, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று கையால் காட்டினாள். செண்பகம் போனை வாங்கி, வெயிலுக்குக் கையை மறைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்லா விழுந்திருக்கு. மெல்போர்ன்ல போய் எல்லார்ட்டயும் காட்டு, எங்க ஊர்க் கிழவிகளப் பாருங்கன்னு."

"எந்த மெல்போர்ன்?" என்றாள் பூரணி.

"என்ன எந்த மெல்போர்ன்? உம் மவன் கூட்டிட்டுப் போறாம்லா. ஒசரத்துல ஒனக்கு நெசமாவே தலை சுத்திட்டா?"

"நான் போகலையே."

செண்பகம் போனைத் தாழ்த்தினாள். "நீதானட்டி சொன்னே, ஆடி மாசம் போன்ல. தீவாளி கழிஞ்சதும் நாங்க கெளம்புறோம்னே. அன்னைக்கு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? எஸ்தர்ட்ட கேளு. பூரணி போறாட்டி, இனிமே எப்பப் பாக்கப்போறோமோன்னு. அதாம்லா இந்த மலைக்கு இவ ஏற்பாடு பண்ணினதே, நீ போறதுக்கு முன்னால ஒரு தடவ மூணு பேருமாச் சேந்து..." நிறுத்திவிட்டாள். மூச்சு போதவில்லை.

நாங்க கெளம்புறோம். சொல்லியிருப்பாள். சொல்லித்தான் இருக்கிறாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்ற அந்தச் சாயங்காலம் அப்படியே வந்தது. நவநீதன் எதிரே தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான், ப்ரீதா பழைய செய்தித்தாளில் கிண்ணங்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எப்பட்டி வீட்டக் காலி பண்றிய என்று செண்பகம் கேட்டாள். பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவங்க போறாங்க, நான் போகலை என்று எந்தத் தாய்க்கு வாய் வரும்? தன் வீட்டிலிருந்து பேசுகிற எவளும் சொல்வது போல நாங்க என்றாள். ஒரு வேளை, அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சொல்லுக்குள்ளாவது அவர்களோடு சேர்ந்து இருந்துகொள்ள ஆசைப்பட்டாளோ என்னவோ. தமிழ் டீச்சர். அந்த ஒரு சொல்லால் மகன் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, தோழிகளைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டாள்.

"சரிட்டி, போகலைன்னா எங்க இருக்கப்போறே?" என்று எஸ்தர் கேட்டாள். மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டியபடி, வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

"உங்களோடதான்னு நெனச்சேன்."

எஸ்தர் செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் எஸ்தரைப் பார்த்தாள். அந்தப் பார்வை பூரணிக்குத் தெரிந்த பார்வைதான். வீட்டுக்கு வந்த விருந்தாளி இன்னும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் அடுக்களையில் இருவர் பார்த்துக்கொள்கிற பார்வை. "மூணாவது ரூம எங்க மைனிக்குச் சொல்லிட்டேனே," என்றாள் செண்பகம் மெதுவாக. "அண்ணன் போனதுலருந்து அவ ஒத்தையிலதான கெடக்கா. நீ போறேன்னு நெனச்சுத்தாம்ட்டி. கட்டிலக்கூடக் கொண்டுவந்து போட்டுட்டா." டோல்கர் தூரத்திலிருந்து கூப்பிட்டாள், சலோ தீதி, போகலாம் அக்கா, காற்று என்று. "வா, எறங்கிப் பேசுவோம்," என்று செண்பகம் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

பூரணி உட்கார்ந்துவிட்டாள். கற்குவியலுக்குப் பக்கத்தில், தரையிலேயே. "இல்ல. இங்கயே சொல்லு." தானா பேசுவது என்று இருந்தது. "கீழ போனா நான் கேக்க மாட்டேன் செண்பகம். என்னை எனக்குத் தெரியும். கீழ நெறையக் காத்து இருக்கும், நான் பரவால்லட்டின்னு சொல்லிருவேன். நவநீதனுக்கு நான் வரலைன்னு சொல்லியாச்சு, வீட்டயும் விட்டாச்சு. எனக்கு வேற எடம் இல்ல." மூச்சு விட்டாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் இதுவரை சொன்னதெல்லாம் வெறும் புலம்பல். "நான் வரட்டுமா? ரூம் வேண்டாம். ஒரு ஓரத்துல இருந்துக்கிடுதேன். வரட்டுமா?"

எஸ்தர் குனிந்து அவள் தொப்பியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் சரிசெய்தாள். "எங்கூட இருக்கட்டும் செண்பகம், எனக்கொண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுக் கொடித்துணிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு செண்பகத்தின் வீடு. செண்பகம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள், கண்கள் சிவந்து, சுற்றிலும் வெயில் படாத தோல் வெளுத்துத் தெரிந்தது. மலையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், கடைசியில் பூரணியைப் பார்த்தாள். அன்பில் குறைவில்லை. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. "பாப்போம்ட்டி," என்றாள்.

பாப்போம். இவள் வாழ்நாளெல்லாம் கேட்ட சொல். கல்யாணத் தரகர்கள் சொன்னது, தலைமை ஆசிரியர்கள் சொன்னது. அதில் நாமும் இல்லை, நாங்களும் இல்லை, யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்பதும் இல்லை. இல்லை என்பதைப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுப்பது அது. பூரணி தலையாட்டினாள். சரிட்டி என்று வந்தது, பரவால்ல என்றும் வந்தது, தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. நாலு பக்கமும் பார்த்தாள். கேட்டாயிற்று. கேட்காமல் இருந்த காலம் ஒன்று இருந்தது, அது முடிந்துவிட்டது. கையை ஊன்றி எழுந்தாள், செண்பகம் நீட்டிய கையைப் பிடிக்காமல்.

இறங்கும்போது மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்றாள் டோல்கர். மற்றவர்கள் அவர் வேகத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர் தட்டும் கல் முன்னால் போகிறவர் மேல் உருளும். பூரணியை முன்னால் விட்டு, தான் அவளுக்குக் கைத்தூரத்தில், பாதைக்கு வெளியே கீழ்ச் சரிவில் காலூன்றி நின்றுகொண்டாள். பாதை ஒரு ஆளுக்குத்தான் இடம் கொடுத்தது. பூரணி ஒரு காலை இறக்கினாள். சரளை நழுவி, பிடித்துக்கொண்டது. மறு காலை இறக்கினாள். பின்னால் இரண்டு ஜோடி ஷூக்கள் அவள் இறக்கிய பிறகு இறங்கின. மூச்சுக்காக நின்றாள், நின்றன. நடந்தாள், நடந்தன.   இரண்டாவது திருப்பத்தில், கால் நன்றாக ஊன்றியிருந்தது, மூச்சும் இருந்தது, பூரணி வேண்டுமென்றே மறுபடி நின்றாள். என்னாச்சு என்று டோல்கர் கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று பூரணி கையால் சொன்னாள். நகரவில்லை. காற்று இடது கன்னத்துக்கு மாறியிருந்தது. பின்னால் அவர்கள் இருவரும், தாண்டிப் போக வழியில்லாமல், காத்துக்கொண்டு நின்றார்கள்.